எந்திரிங்க வளைவு

1956ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி காலை, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சென்ற பஸ் ஒன்று பர்லியாறுக்கு மேலே பனிமூட்டத்தில் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. யாருக்கும் காயமில்லை.

ஓட்டியவர் மாசாணம். ஈரோட்டில் மஞ்சள் மூட்டை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், மலைப்பாதைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பஸ் முதலாளி லட்சுமணசாமி அவரை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். பனியில் கண்ணை நம்ப முடியாது, எந்த வளைவுக்குப் பின் எந்த வளைவு, எதற்கு எந்த கியர் என்பது தூக்கத்தில் கேட்டாலும் வாயில் வர வேண்டும் என்றார். மாதக் கடைசியில் தானே பக்கத்தில் உட்கார்ந்து வருவதாகவும், அன்றும் தடுமாறினால் மலைவண்டி கிடையாது என்றும் சொல்லி அனுப்பினார்.

மலைவண்டி ஓட்டுகிறவருக்கு மேட்டுப்பாளையத்தில் தனி மதிப்பு உண்டு. டீக்கடைக்குள் நுழைந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். மாசாணம் அந்த இடத்துக்காகத்தான் லாரியை விட்டு வந்திருந்தார்.

வளைவுகளுக்கு எண் போட்டு மனப்பாடம் செய்தார். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் முணுமுணுத்தார். ஐந்தாவதும் எட்டாவதும் ஓயாமல் இடம் மாறின. ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, ஆண்டவன் தனக்கு மண்டைக்குள் களிமண்ணைத்தான் வைத்திருக்கிறான் என்று கத்தினார். மனைவி பழனியாத்தாள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கா நெனப்பு இல்லீங்க? எங்கண்ணன் ஊட்டுக் காதுகுத்துல நடந்தத ஒம்பது வருசமாச் சொல்லிச் சொல்லி என் காத அறுக்கறீங்களே. யாரு முன்னால வந்தா, யாரு சிரிச்சா, இலையில எது எங்க இருந்துச்சுன்னு. அதுல ஒரு நாளாவது வரிசை தப்புனீங்களா?"

அவள் குத்திக் காட்டத்தான் சொன்னாள். மாசாணம் எழுந்து போய்க் கை கழுவினார்.

அவளுடைய அண்ணன் ஈஸ்வரமூர்த்தி உருளைக்கிழங்கு மண்டிக்காரர். அவர் மகளின் காதுகுத்து விருந்தில் மாசாணம் இலை முன் உட்கார்ந்து, சோறும் விழுந்த பிறகு, மலைத் தோட்டக்காரர்கள் சிலர் வந்து சேர்ந்தார்கள். மண்டிக்கு மூட்டை அனுப்புகிறவர்கள். ஈஸ்வரமூர்த்தி பந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டிரைவருங்க எல்லாம் கொஞ்சம் எந்திரிங்க, அடுத்த பந்தியில பாத்துக்கலாம்" என்றார். மண்டி லாரி டிரைவர்களோடு வீட்டு மாப்பிள்ளையும் எழுந்தார்.

மறுநாள் மாசாணம் எண்களைக் கைவிட்டார். அந்த விருந்து நாளை அப்படியே மலைமேல் ஏற்றினார். வாசலில் யாரும் 'வாங்க' என்று சொல்லாதது முதல் வளைவு. எதிரே வருகிறவன் ஹாரன் அடிக்க மாட்டான், நாம்தான் அடிக்க வேண்டும். ஈஸ்வரமூர்த்தியின் மனைவி பல்லைக் காட்டியது அதற்கு மேலே, பாறை சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடம். பந்தி என்பது அகலமான வளைவு, உட்காரச் சொல்வது போலிருக்கும், நம்பி வேகமாகப் போகக் கூடாது. அதற்கு அடுத்தது 'எந்திரிங்க'. பாதி திரும்பியதும் நின்று, பின்னால் வந்து, மறுபடி ஏற வேண்டும். அங்கே ரிவர்ஸ் போடும்போதெல்லாம் அவருக்குக் காது சுட்டது. ஒரு வளைவும் இடம் மாறவில்லை.

மாதக் கடைசியில் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பனி கண்ணாடியை மூடியிருந்தது. குன்னூரில் இறங்கியபோது, பரவாயில்லையே என்று மட்டும் சொன்னார்.

மாசாணம் வளைவுகளின் பெயரை வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டுவார். கண்டக்டர் ஜபருல்லா அதைக் கேட்டுப் பின்சீட்டு வரை அறிவிப்பார். தலை சுற்றிக் கண்ணை மூடிக்கொண்டு வரும் பெண்கள்கூடச் சிரித்தார்கள். கதை பஸ்ஸோடு ஏறி இறங்கியது.

பிப்ரவரியில் ஒரு நாள் ஈஸ்வரமூர்த்தி அந்த வண்டியில் ஏறிப் பின்பக்கம் உட்கார்ந்தார். மாசாணம் பார்க்கவில்லை. ஜபருல்லாவுக்கு ஆளைத் தெரியாது.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க, 'எந்திரிங்க' வருது. மண்டிக்காரர் சோத்துல இருந்து எழுப்பப் போறாருங்க."

எந்த மண்டிக்காரர் என்று ஈஸ்வரமூர்த்தியே கேட்டார். ஜபருல்லா பெயரையும் தெருவையும் சேர்த்துச் சொன்னார்.

அடுத்த நாள் ஷெட்டில் முதலாளி, ஈஸ்வரமூர்த்தி, மாசாணம் மூவரும் நின்றார்கள். ஈஸ்வரமூர்த்தியின் மூட்டைகள் லட்சுமணசாமியின் லாரிகளில்தான் போகின்றன. முதலாளி சுற்றி வளைக்கவில்லை. பெரிய மனிதர் பெயரை மலை முழுக்க இழுத்தது தப்பு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வளைவுகளுக்கு வேறு பெயர் வைத்துக்கொள் என்றார்.

ஈஸ்வரமூர்த்தியிடம் கோபம்கூட இல்லை. உண்மையாகவே குழம்பியிருந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, நானா அப்படிச் சொன்னேன்? எனக்கு நெனப்பே இல்லீங்களே. அந்த விசேசத்துக்கு நீங்க வந்திருந்தீங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மாசாணத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வேண்டுமென்றே அவமானப்படுத்திவிட்டு அந்த ஆள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அங்கே ஒன்றுமே இல்லை. அவரைத் தின்றுகொண்டிருந்தது எதுவோ, அது எதிராளியின் தலையில் ஒரு நாள்கூடத் தங்கியிருக்கவில்லை.

"வந்திருந்தனுங்க. உப்பு, ஊறுகா, ரெண்டு கரண்டி சோறு. நான் இன்னும் கை வெக்கல. உங்க தோட்டக்காரரு அதே இலையில உக்காந்தாரு. புது இலைகூட நீங்க போடல."

ஈஸ்வரமூர்த்தி முதலாளியைப் பார்த்தார். முதலாளி, பழசையெல்லாம் எதற்கு என்றார்.

"மொதலாளி, அவருக்கு நெனப்பே இல்ல, அதனால அவரு மன்னிப்புக் கேக்க வேண்டியதில்ல. நெனப்பு இருக்கற நான் ஏனுங்க கேக்கோணும்? பேர மாத்துன்னா எனக்கு வளைவு மாறிப் போகும். பின்னால நாப்பது உசுரு உக்காந்திருக்குதுங்க."

ஒரு வார்த்தைதானே, சொல்லிப்போடப்பா என்றார் லட்சுமணசாமி. மாசாணம் சொல்லவில்லை. முதலாளி மறுபடி கேட்டார். மாசாணம் வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

மார்ச் முதல் தேதியிலிருந்து அவருக்கு மலை ஏறாத சத்தியமங்கலம் வழி கொடுக்கப்பட்டது. குன்னூர் வண்டிக்கு வேறு டிரைவர் எடுக்கப்பட்டார்.