மாஸ்டரின் மூக்கு

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலத்துக்குக் கிடைத்த பெருஞ்சொத்து தன் மூக்குதான் என்பது பீர் ஆலை மாஸ்டரின் உறுதியான கருத்து. அதை அவர் தற்பெருமையாகச் சொல்வதில்லை, தகவலாகத்தான் சொல்வார்.

முளைவிட்ட பார்லியைக் காயவைத்தால் மால்ட். வெறும் மால்ட் பீரின் வயிற்றை நிரப்பும். மணத்தைக் கொடுப்பது அதோடு கொஞ்சமாகச் சேர்க்கும் சிறப்பு மால்ட்கள். பாகு மணப்பது ஒன்று, காப்பிக்கொட்டை போலக் கருக வறுத்தது ஒன்று, கட்டைப் புகையில் காய்ந்தது ஒன்று. இந்தப் புகை மால்ட் பார்வைக்கு வெறும் மால்ட் மாதிரியேதான் இருக்கும். ஆனாலும் எந்தத் தொட்டியில் எது என்று எழுதி ஒட்டும் வழக்கம் அங்கே இல்லை. மாஸ்டர் மூக்கு இருக்கும்போது எழுத்து எதற்கு?

அவர் மனைவியின் தம்பிக்கும் அங்கேதான் வேலை. அவன் எந்த மால்ட்டையும் நம்பமாட்டான். ஒரு கைப்பிடி நுணுக்கி, டம்ளரில் போட்டு, வெந்நீர் ஊற்றித் தட்டால் மூடிவைப்பான். பிறகு லாரி டிரைவர், காவலாளி, மின் கணக்கெடுக்க வந்தவர் என்று பார்க்கிறவரிடமெல்லாம் நீட்டி, என்ன வாசனை வருகிறது என்று கேட்பான்.

"மாப்ள, பீர் காய்ச்சுறியா, ஓட்டு கேக்குறியா?" என்பார் மாஸ்டர். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். டம்ளரை மட்டும் கீழே வைக்கமாட்டான்.

மாஸ்டருக்கு ஒரு சளி பிடித்தது. போகும்போது அது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பை மோந்தார், செருப்பை மோந்தார். இரண்டும் ஒன்றுதான். மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை. மூக்கு போனது தெரிந்தால் ஆலையில் மிஞ்சுவது அவர் நாற்காலி ஒன்றுதான்; அதிலும் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

வேலைக்குப் போனார். வெளிர்மஞ்சளாக ஒரு தொட்டி நிறைய மால்ட் காத்திருந்தது. எப்போதும்போலக் குனிந்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார். காற்று வந்தது. அருமை, அரைக்கலாம் என்றார்.

மில் ஓடியதும் அரைக்கிறவர் எங்கோ புகைகிறது என்றார். மாஸ்டர் எலக்ட்ரீஷியனை அனுப்பினார். அவர் கூரைவரை ஏறி இறங்கி, ஒயரிங்கில் ஒன்றுமில்லை, ஆனால் புகைவது உண்மை என்று அறிவித்தார். கொப்பரை கொதித்தபோது, யார் வீடு எரிகிறது என்று கேட்டுக்கொண்டு பக்கத்துத் தெரு ஆளே வந்துவிட்டார்.

மைத்துனன் டம்ளரோடு வந்து தட்டைத் திறந்தான். "மாமா, ஒரு தடவை மோந்து பாருங்க."

அத்தனை பேரும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். மாஸ்டர் நிதானமாக மோந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"தேன். கொஞ்சம் பிஸ்கட்டும் வருது."

யாரும் சிரிக்கவில்லை.

மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். "இது புகை மால்ட் மாமா. எப்பலேர்ந்து இப்படி?"

"சளிக்கப்புறம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். கொப்பரை அதுபாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. கலந்த புகையைப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது. முதலாளி வந்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். அந்த மூக்கை மாஸ்டர் ஏக்கத்தோடு பார்த்தார். மொத்தத்தையும் சாக்கடையில் விடச் சொல்லிவிட்டு, நாளைக்குக் காய்ச்சுவதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு பேச்சு என்று முதலாளி போய்விட்டார்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் மாஸ்டர் வந்தார். தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து நுணுக்கினார். வெந்நீர் ஊற்றினார், தட்டால் மூடினார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வாசலில் இருந்த காவலாளியிடம் டம்ளரை நீட்டினார்.

காவலாளி மோந்து, வெகுநேரம் யோசித்து, நேற்று மாதிரி இல்லை என்றார்.

"அது பத்தாதுண்ணே," என்றார் மாஸ்டர் மெதுவாக. "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க."