பலகையில் இரண்டு ஊர்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பன்னிரண்டு ரூபாய். வெண்மதியின் வாழ்க்கைக்கு அன்றைய விலை அதுதான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தரை மணிக்குத் திசைவேகம் பற்றி மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டினால் ஆசிரியர் வேலை.

பஸ் நிலையத்தில் 'சிதம்பரம் – புதுச்சேரி' என்ற பலகையைப் பார்த்ததும் முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் பிடித்தாள். 'திசைவேகத்துக்கு அளவும் வேண்டும், திசையும் வேண்டும்' என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். பெண்ணையாற்றுப் பாலத்தில் கண்டக்டர் நெருங்கினார்.

"சிதம்பரம் ஒண்ணு."

"அங்கருந்துதாம்மா வர்றோம்! இது பாண்டி போவுது."

"ஐயோ, நிறுத்துங்கண்ணே!"

"பாயின்ட் டு பாயின்ட்டும்மா, நடுவுல நிக்காது. பலகையில ரெண்டு ஊரும் இருக்கு, எந்தப் பக்கம் போவுதுன்னு கேக்க வேணாமா?"

எழுந்திருக்கவும் வழியில்லை. பக்கத்து சீட்டு அம்மாள் மடியில் மூட்டையோடு அடைத்துக்கொண்டிருந்தாள். "என்னா ஸ்பீடு பாத்தியா பாப்பா! சும்மா பறக்குறான்," என்று பெருமைப்பட்டாள்.

புதுச்சேரியில் இறங்கும்போது மணி ஒன்பதரை. அரை மணி நேரத்தில் இருபத்திரண்டு கிலோமீட்டர்; வேகத்தில் குறையே இல்லை. கடலூரில் நாற்பத்தைந்து கிலோமீட்டர் பாக்கியிருந்த சிதம்பரம், இப்போது அறுபத்தேழு.