போதகர் நிறுத்திய பிறகு

1

இந்தக் கதையைக் கேலி செய்யத்தான் ஆரம்பித்தேன். என் அக்கா கணவர் ஒரு கிறிஸ்தவ சபையில் மொழிபெயர்ப்பாளர். தமிழ் தெரியாத போதகர் ஒரு வாக்கியம் பேசி நிறுத்துவார், அத்தான் அதைத் தமிழில் சொல்வார். அவர் குரலை உயர்த்தினால் இவரும் உயர்த்துவார், அவர் தேம்பினால் இவரும் தேம்புவார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு நல்லா அழுதேன் இல்ல?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அக்கா மனம் நோகக் கூடாதே என்று ஒரு நாள் இந்த வேலைக்குத் தலையாட்டியவர், அப்படியே மாட்டிக்கொண்டார். அக்காவுக்கு இது தெரியாது.

இப்படி ஒரு ஆள் வீட்டிலேயே கிடைத்தால் எந்த எழுத்தாளன் சும்மா விடுவான்?

2

"மேடையில் ஒரு முகம், வீட்டில் ஒரு—"

வேண்டாம். தீர்ப்பை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

"அவர் கண்ணீரின் உப்பு—"

இது அதைவிட மோசம். நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடினார்கள், நான் மூடவில்லை. (கதைக்குச் சரக்கு வேண்டுமே.)

3

ஒரு தையற்காரப் பெண் எழுந்து முன்னால் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். கணவன் நினைவு திரும்பாமல் கிடந்தான். போதகர் அவள் தலைமேல் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார், அத்தானும் வழக்கம்போல் வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் போதகரின் குரல் நின்றுபோனது.* வாய் திறந்தபடி இருந்தது, பேச்சு வரவில்லை.

அத்தான் நிறுத்தவில்லை.

"ஆண்டவரே, நீர் இருக்கிறீரா என்று எனக்குத் தெரியாது. இவள் கேட்கிறாள். இவளோடு சேர்ந்து நானும் கேட்கிறேன். வேறே யாரிடம் போய்க் கேட்பது?"

போதகர் மெல்லப் பேசுகிறார் என்று நினைத்தோ என்னவோ, சபை ஆமென் சொன்னது. போதகர் ஒரு சொல்லும் புரியாமல் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்குப் புதிதாக ஒரு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சிலிர்த்தது, அவ்வளவுதான்.

(*ஏன் நின்றார் என்று இரண்டு பத்தி எழுதி அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாது.)

4

வண்டி நிறுத்தும் இடத்தில், தன் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு அத்தான் வண்டியைத் தேடினார்.

"அவர் பேசறார்னு நினைச்சுத்தான் சொல்லிட்டே வந்தேன். கண்ணைத் தொறந்தா, அவர் என் பக்கத்துல தலைகுனிஞ்சு நிக்கிறார்."

அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து, அடுத்த வாரமும் நீங்களே ஜெபிக்கணும் அண்ணா என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். போதகரிடம் கேட்கவில்லை, இவரிடம் கேட்டிருக்கிறாள். தலைமேல் கை வைத்திருந்தவரின் குரல் நின்றுபோனதை அவள் கவனிக்காமலா இருந்திருப்பாள்?

"நான் நடிச்சிருந்தா, அவகிட்ட போய்ச் சொல்லிடணும். நடிக்கலேன்னா, இத்தனை நாளா நடிச்சதை உங்க அக்காகிட்ட சொல்லணும். கண்ணை மூடாம பாத்தவன் நீ ஒருத்தன்தான். சொல்லுடா, நடிச்சேனா?"

கதையின் முடிவுக்கு உதவும் என்று நான் அந்தக் கேள்வியை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

5

கணவன் கண் விழிக்கிறான், அத்தான் முழங்காலில் விழுகிறார் என்று எழுதினேன். சபை வாசலில் கொடுக்கும் துண்டுப் பிரசுரம் மாதிரி இருந்தது. கணவன் இறந்துவிடுகிறான், அத்தான் மேடையை விட்டு இறங்குகிறார் என்றும் எழுதினேன். என் நாத்திக நண்பர்கள் கைதட்டுவார்கள். இரண்டையும் அடித்துவிட்டேன். அந்த ஜெபம் உண்மையா என்பதை ஒரு நோயாளியின் உடம்பா முடிவு செய்வது?

இன்று மறு ஞாயிறு. கணவன் இன்னும் அப்படியேதான் கிடக்கிறான். அவள் முன்னால் வந்து நிற்கிறாள். அக்கா இரண்டாம் வரிசையில் இருக்கிறாள். போதகர் ஜெபத்தைத் தொடங்காமல், ஒலிவாங்கியை அத்தான் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக விலகி நிற்கிறார். இன்று மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. அத்தான் என்னைப் பார்க்கிறார், நான் உங்களைப் பார்க்கிறேன்.

சீக்கிரம் சொல்லுங்கள், அன்று நடித்தாரா? அவர் வாய் திறக்கப் போகிறார்.