அப்ரூவ் ஆன செடி

ஒரகடத்தில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றின் அட்மின் மேனேஜர் டில்லிபாபுவுக்கு ஜி.எம். ஆகவேண்டும். வேலை பார்த்தும் ஆகலாம் என்ற யோசனை மட்டும் அவருக்கு வரவே இல்லை. போன தடவை வந்த வெளிநாட்டுத் தலைவர், தன் வீட்டுத் தோட்டத்தில் 'யாரோ' என்றொரு சீமைச் செடி பாய் விரித்தாற்போல் தரையோடு படர்ந்திருப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்தார். டில்லிபாபு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அடுத்த தடவை தலைவர் வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் அதே பாய் கிடக்கும், மனிதர் உருகிவிடுவார், பதவி தானாக மடியில் விழும்.

விதை விமானம் ஏறி வந்தது. மண் மட்டும் பக்கத்துக் காலி மனையில் ஓசியில் அள்ளியது. அதனால் விதைத்த தட்டில் இரண்டு விதமாக முளைத்தது. இரண்டுக்குமே கிழித்துவிட்டாற்போன்ற இலை. ஒன்று சோகை பிடித்து நூலாகக் கிடந்தது, இன்னொன்று தளதளவென்று மண்ணை அப்பிக்கொண்டு வளர்ந்தது. அந்தக் கம்பெனியில் முதல் பீஸை அப்ரூவ் செய்துவிட்டால் அதற்குப் பொருந்தாததெல்லாம் ரிஜெக்ட். டில்லிபாபு தளதளத்ததை அப்ரூவ் செய்து, நோஞ்சானைத் தம் பொற்கரத்தாலேயே பிடுங்கி எறிந்துவிட்டு, அப்ரூவ் ஆனதைக் கேட்டோரம் வரிசையாக நட்டார்.

தோட்ட வேலைக்கு வரும் கங்கா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், இது ரோட்டோரம் மொளைக்குமே பார்த்தீனியம், அதாட்டம் கீது. ஒடம்பெல்லாம் அரிக்கும் சார்."

"சாம்பிள் அப்ரூவ் ஆயிடுச்சும்மா. இனிமே மாத்த முடியாது. நீ கை வெக்காத, நானே பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். கை அரித்ததற்கு கேன்டீன் கத்திரிக்காயைத் திட்டினார். மழைக்குப் பின் பாய் எழுந்து முழங்கால் உயரம் நின்று வெள்ளையாகப் பூத்தபோது, தலைவரை வரவேற்கவே பூத்ததாகப் பூரித்துப்போனார்.

தலைவர் வந்தார். குனிந்து ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். இரண்டு தும்மல் போட்டார்.

"யார் வளர்த்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான் சார், தனி ஆளா," என்று டில்லிபாபு முந்திக்கொண்டார்.

"நான் சொன்ன செடி இது இல்லை. இது விஷக் களை." அவ்வளவுதான், தலைவர் உள்ளே போய்விட்டார்.

டில்லிபாபுவின் மேலதிகாரி சுபாஷ் ஒரு ஜோடி கையுறையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"தனி ஆளா வளர்த்தீங்க இல்ல, தனி ஆளாவே புடுங்கிடுங்க. ஷிஃப்ட் விடறதுக்குள்ள."

முடியுமா? ஷிஃப்ட் விட்டு, படப்பைக்குப் போகும் பஸ்கள் ஒவ்வொன்றாகக் கேட்டில் நின்று நின்று கிளம்பின. ஜன்னலெல்லாம் முகம். வருங்கால ஜி.எம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் பிடுங்கி, மறுகையால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.