அசலில் கை வைக்காதே

பொத்தானை அழுத்தினால் ஏதாவது நடக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காகக் குப்பை கொட்டியவருக்கு இதில் இரண்டாம் பேச்சே கிடையாது. ஆனால் அவர் செய்த மொபைல் ஆப்பில் 'புகார் அனுப்பு' என்ற பொத்தான் பதினோரு நாளாகக் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது. அழுத்து, குத்து, கெஞ்சு, ம்ஹூம்.

முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரால் ஏணி ஏற முடியாது. கம்பெனியில் புகார்களுக்கென்று ஆப் செய்யும் பிரிவு ஒன்று தொடங்கப்போகிறார்கள். மூன்று மாதப் பயிற்சியில் சேர்ந்து சொந்தமாக ஒரு ஆப் செய்து காட்டினால் அங்கே ஒரு நாற்காலி உண்டு, இல்லாவிட்டால் வீடுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் சும்மா உட்கார்வதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

பயிற்சி கொடுத்தவனுக்கு அவருடைய வயதில் பாதிகூட இருக்காது. எதைக் கேட்டாலும் "சிம்பிள் சார்" என்பான். அவனுக்கு அவர் மனதுக்குள் வைத்த பெயரும் சிம்பிள்தான்.

"தம்பி, நீங்க சொன்ன வரியை மாத்திட்டேன். அப்பவும் அசையல."

சிம்பிள் குனிந்து திரையைப் பார்த்தான். "கரெக்டாதான் எழுதியிருக்கீங்க. சேவ் பண்ணிட்டு ரன் பண்ணுங்க. சிம்பிள் சார்."

"அதைத்தானே காலையிலேருந்து பண்ணிக்கிட்டிருக்கேன்!"

சிம்பிள் அதற்குள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டான்.

மெக்கானிக் ஒன்றும் அரைகுறை ஆள் இல்லை. செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்தார். பதினோரு நாளில் முப்பத்தெட்டு திருத்தங்கள். முப்பத்தெட்டும் தண்டம். கோபமெல்லாம் வீட்டில் போய்த்தான் வெடித்தது.

"சாப்பிட வாங்க" என்றாள் மனைவி.

"மூளை இல்லாதவனுக்குச் சாப்பாடு எதுக்கு?"

"மூளை கேக்கலையே, வயிறுதானே கேக்குது. வாங்க."

பன்னிரண்டாம் நாள் காலை, வகுப்பில் உட்கார்ந்ததுமே மேனேஜர் போனில் வந்தார். "என்னப்பா, வருமா, வராதா? மதியத்துக்குள்ள பேரைக் கொடுக்கணும்."

"ஒரு மணி நேரம் கொடுங்க சார்."

அந்த ஒரு மணி நேரத்தில் முப்பத்தொன்பதாவது திருத்தமும் ஊற்றிக்கொண்டது. அவர் விட்டுவிட்டார். 'எனக்கு இது வராது சார். வேற யாரையாவது போட்டுக்கோங்க' என்று தட்டி அனுப்பினார்.

ஆத்திரம் அடங்கவில்லை. ஆப்பின் தலைப்பு 'லிஃப்ட் உதவி' என்றிருந்ததை அழித்துவிட்டு 'நாசமாப் போ' என்று எழுதி ரன் செய்தார். கேபிளில் இணைத்திருந்த போனில் ஆப் திறந்தது. மேலே மரியாதையாக 'லிஃப்ட் உதவி' என்றே இருந்தது.

பொத்தான் வேலை செய்யாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். திட்டியது ஏன் திரைக்கு வரவில்லை? லிஃப்டில் ஒயர் கன்ட்ரோல் போர்டுக்கே போகவில்லை என்றால்தான் அப்படி நடக்கும்.

அவர் திரையின் ஓரத்திலிருந்த ஃபோல்டர் பெயரைப் படித்தார். கடைசியில் 'நகல்' என்றிருந்தது.

லிஃப்ட் வேலையில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஓடுகிற போர்டைச் சோதனைக்காகத் தொடவே மாட்டார். அசலை அப்படியே வைத்துவிட்டு, ஸ்பேர் போர்டில்தான் கை வைப்பார். பொத்தான் மக்கர் செய்த முதல் நாளே அதே சட்டப்படி ஆப் முழுவதையும் நகல் எடுத்து, நகலில் இருந்த ஃபைலைத் திறந்து திருத்த ஆரம்பித்தார். இரண்டிலும் ஃபைல் பெயர் ஒன்றுதான். ரன் செய்தபோதெல்லாம் ஓடியது அசல். முப்பத்தொன்பது திருத்தத்தில் ஒன்றுகூடப் போனுக்குப் போய்ச் சேரவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். முதல் திருத்தம், ஒரே ஒரு வரி. அதை அசலில் எழுதி, சேவ் செய்து, ரன் செய்து, பொத்தானை அழுத்தினார்.

'புகார் பதிவானது.'

முதல் நாளே சரியாகத்தான் எழுதியிருக்கிறார்! சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் வராந்தாவுக்கு நொண்டியபடியே விரைந்து போய் மேனேஜரைக் கூப்பிட்டார்.

"சார், வந்துடுச்சு! வேலை செய்யுது! காலையில அனுப்பினதை விட்டுடுங்க."

"அடடா... நம்ம ஸ்டோர்ஸ்ல சாமான் எடுத்துக் கொடுக்கிறவர் பேரைக் கொடுத்து கையெழுத்தும் ஆயிடுச்சேப்பா."

"அவரா? அவருக்கு இதுல என்ன சார் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுதான்" என்றார் மேனேஜர். "ஆனா அவர் வராதுன்னு சொல்லலையே."