மீதிப் படம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் படம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு தெருவே எங்கள் வீட்டுக்குள் வரும். என் வீட்டுக்காரர் சிங்காரம் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவார். வாசலில் கிடக்கும் செருப்புகளை மிதிக்காமல் தாண்டி, சரவணப் பொய்கைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு, எல்லாரும் கலைந்த பிறகுதான் திரும்புவார். ஐம்பது வயது ஆள், சொந்த வீட்டிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை துரத்திவிட்ட மாதிரி போவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரைக் கோபித்துக்கொள்வது? என்னால்தான் போனார்.

அறுபத்தாறில் எங்கள் மகள் மணியம்மை பிறந்தபோது எனக்கு உதிரம் நிற்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். இவருக்கு அரக்கோணம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை. வாரத்துக்கு மூன்று படம் பார்க்கிற பைத்தியம். அன்றைக்கும் வேலை முடிந்து தியேட்டரில்தான் உட்கார்ந்திருந்தார். என் அண்ணன் ரயிலேறிப் போய், எப்படியோ கண்டுபிடித்துக் கூட்டிவந்தான். திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியவர் மலையைப் பார்த்துக் கைகூப்பி, இவளை எனக்குக் கொடுத்துவிடு, சாகிறவரைக்கும் சினிமா பார்க்கமாட்டேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தேன். மொட்டை, காவடி என்றால் ஒருநாளோடு முடிந்துவிடும். பிடித்ததை விடுகிறேன் என்று சொல்லிவிட்டால் அது ஆயுளுக்கும் கூட வரும். பத்தொன்பது வருஷம் இந்த மனுஷன் ஒரு தியேட்டர் வாசலில்கூட நின்றதில்லை.

இப்போது மணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பொழுது போகட்டும் என்று பள்ளிப்பட்டிலிருந்து மாப்பிள்ளை ஒரு கறுப்பு வெள்ளை டி.வி.யைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பொய் சொல்வானேன், ஞாயிறு எப்போது வரும் என்று செவ்வாய்க்கிழமையே பார்க்க ஆரம்பித்துவிடுவேன். பழைய படத்தில் ஒருத்தி அழுதால், கண்ணீர் கன்னத்தில் இறங்கிவரும்வரை கேமரா பொறுமையாக நிற்கும். நமக்கும் அழ நேரம் கிடைக்கும். புதுப் படத்தில் அழ ஆரம்பித்த மறுநிமிஷமே ஏதாவது மலைக்குப் போய் ஆடுகிறார்கள். கலர் படம்தானாம், எங்கள் பெட்டியில் அவர்கள் கட்டுகிற புடவையெல்லாம் சாம்பல்தான். பழைய வில்லன் பேசியே பயமுறுத்துவான், புது வில்லனுக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும். எது பழசு எது புதுசு என்று பாட்டை வைத்தே சொல்லிவிடும் அளவுக்குத் தேறிவிட்டேன். இதையெல்லாம் இவரிடம் சொல்லத் துடிப்பேன், சொல்ல முடியாது. யாராவது கதை சொல்ல ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொள்கிற ஆள்.

ஒரு புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பூவம்மாள் பேப்பரோடு வந்து அந்த வாரப் படத்தின் பெயரைச் சொன்னாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கு இவர் பாதியில் விட்டு வந்த படம் அது. ஒரே ஒருமுறை, மணிக்குக் காது குத்திய அன்று, என்னிடம் வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். மாமியார் திருட்டுப்பட்டம் கட்டிவிட்டாள், மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், அதோடு இடைவேளை. போனாளா இருந்தாளா தெரியாது. யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கேட்டால் பார்த்த மாதிரிதான் என்று கேட்காமலே இருந்துவிட்டார்.

அந்த மீதிப் படத்தை இவர் பார்த்தே ஆகவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஆனால் மணிக்கு இது ஒன்பதாம் மாதம். அவள் பிறந்தபோது கொடுத்த வாக்கை அவள் பிள்ளை பெறப்போகிற சமயத்தில் மீறுவதா? மறுநாள் விடியற்காலையில் படியேறிப் போய்க் குருக்களிடம் கேட்டேன். எனக்காக அவர் சுமக்கிற வேண்டுதலை நான் எடுத்துக்கொள்ளலாமா? அவர் பார்க்கட்டும், நான் விட்டுவிடுகிறேன். குருக்கள் திரியைத் தூண்டிக்கொண்டே, "மனசார விட்டா சரிம்மா" என்றார். சன்னதி முன்னால் நின்று மனசார விட்டேன். மனசார என்றால், இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்தான்.

வீட்டுக்கு வந்து, "சாமி கிட்ட பேசிட்டேன். இனிமே நீங்க பாக்கலாம்" என்றேன்.

"ஐயரு சொன்னாரா?"

"ஆங். சொன்னாரு."

மாற்றிக்கொண்டதைச் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சட்டையை மாட்டிக்கொள்வார்.

ஞாயிறு வந்தது. இவர் முன்வரிசையில் குழந்தைகளோடு குழந்தையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் டி.வி.க்கு முதுகைக் காட்டி, முருங்கைக்கீரையை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்து ஆய்ந்தேன். படம் முழுக்க அவர் முகத்தில் ஓடியது. மாமியார் வந்தால் பல்லைக் கடித்தார். பாட்டு வந்தால் உதடு அசைந்தது. ஒரு வரி தவறவில்லை. எனக்குத் தெரிந்த அந்த முகத்துக்குள்ளிருந்து நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட முப்பது வயது ஆள் எட்டிப் பார்த்தான். மனசு நிறைந்துவிட்டது எனக்கு.

திடீரென்று அந்த முகம் வெளுத்தது. பின்னால் டி.வி.யில் ஒரு கதவு திறக்கிற சத்தம், வீணை. இடைவேளை என்று யாரோ ஒரு பையன் எழுத்துக்கூட்டிப் படித்தான். இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கீரையைப் போட்டுவிட்டு ஓடினேன். தெருக்குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னாங்க ஆச்சு?"

"ஸ்லைடு" என்றார். குழாயை விடாமலே மீதியைச் சொன்னார். "இடைவேள முடிஞ்சி லைட்ட அணச்சாங்க. படம் வரல. கண்ணாடில கையால எழுதி ஸ்லைடு போட்டாங்க. 'திருத்தணி சிங்காரம் உடனே வெளியே வரவும்'னு. என் பேரு அவ்ளோ பெருசா. எவனோ விசிலடிச்சான். நீ பூட்டேன்னே நெனச்சிட்டேன் கௌரி. நீ அங்க செத்துகினு கீற, நான் இங்க முறுக்கு தின்னுகினு பாட்டு கேட்டுகினு இருந்தேன்."

அண்ணன்கூட இதைச் சொன்னதில்லை. இத்தனை வருஷமாக அவர் சாமிக்குப் பயந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவருடைய கையை எடுத்து என் கழுத்தில் வைத்தேன். வேர்த்திருந்தது.

"நான் சாவல. நிக்கறேன் பாருங்க."

"மணி?"

ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னேன். அவள் காலை நீட்டி, வயிற்றின்மேல் தட்டை வைத்துக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். இவர் பெருமூச்சு விட்டார். பிறகுதான் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ ஏன் பொட்டிக்கு முதுகக் காட்டிகினு உக்காந்த? நானும் அப்பலேர்ந்து பாக்கறேன்."

சொன்னேன். கோபம் வந்தது அவருக்கு, கண்ணும் கலங்கியது. "இன்னாமே, உனக்கு இன்னா பைத்தியமா? உசுரையே வெச்சா மாதிரி அந்தப் பொட்டிகிட்ட குந்திகினு இருப்பியே."

"பத்தொம்போது வருசம் நீங்க இருந்தீங்களே, அது இன்னா? உங்கள ஒருநாளாச்சும் நான் கேட்டேனா? உள்ள வாங்க."

"நைனா," என்று உள்ளேயிருந்து மணி கூப்பிட்டாள். "போட்டுட்டாங்க. வா சீக்கிரம்."

ஸ்லைடு எதுவும் வரவில்லை. வாசல்படியிலேயே நின்று, படம்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு உள்ளே வந்தார். அடுத்த வியாழக்கிழமை மணிக்குச் சுகப்பிரசவம் ஆகி, நான் போய்ப் படியேறித் தேங்காய் உடைத்ததெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு இவர் முன்வரிசைக்குப் போகாமல், என் பக்கத்தில் வந்து முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். பார்ப்பதைத்தானே விட்டேன், கேட்பதை விடவில்லையே என்று நான் சுவரைப் பார்த்திருக்க, அவர் டி.வி.யைப் பார்த்து என் காதில் சொல்ல ஆரம்பித்தார்.

"பொட்டிய கீழ வெச்சிட்டா... இல்ல, திரும்ப எடுத்துட்டா. வெளிய மழ. மாமியாக்காரி மாடில நின்னு பாக்கறா. இவ இப்ப..."

"நைனா, வசனம் கேக்கல" என்றாள் மணி.

குரலைத் தணித்துக்கொண்டார். எனக்குச் சரியாகக் கேட்டதா என்று பார்க்க முகத்தை என் பக்கம் திருப்பினார். அதற்குள் கூட்டம் மொத்தமும் கைதட்டியது. சட்டென்று திரையைப் பார்த்தார். அங்கே வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது.

"இன்னா ஆச்சு மணி? போனாளா இருந்தாளா?"

மணி வாயில் கடலையோடு சொன்னாள். இவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பி, முதலிலிருந்து சொன்னார்.