தொப்பி போட்டால் கழற்ற வேண்டும்

என் வீட்டுக்காரர் தலையில் எதையும் போட்டுக்கொள்ள மாட்டார். மழைக்குக் குடை கிடையாது, வெயிலுக்குத் துண்டு கிடையாது. சிலோனில் எஹலியகொடப் பக்கத்து மழையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கிறுக்குத்தனம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நிற்பார். நான் திட்டிக்கொண்டே தலையைத் துவட்டிவிடுவேன். சிரிப்பார்.

அவர் ரப்பர்த் தோட்டத்து டிஸ்பென்சர். லயத்து வரிசைவீட்டுச் சனங்களுக்கு டாக்டர் ஐயா. காய்ச்சலுக்கு மருந்து கலக்குவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், பல் பிடுங்குவார். எங்கள் வீட்டை ஒட்டி, தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் ஒரு மருந்து வீடு. ஏழு மைல் மேலே ஏறினால் மேற்கணக்கில் இன்னொன்று. இரண்டுக்கும் இவர் ஒருவர்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கார் வாங்கியதும் தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளை இவர் தலையில் கட்டினார். இவருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதற்குமுன் நடந்து போய் நடந்து வருவார். வந்தால் சோறு இறங்காது, கால் வீங்கிக் கிடக்கும். மோட்டார் சைக்கிள் வந்தபிறகு பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருப்பார். எனக்கு ஒரு சாயங்காலமே புதிதாகக் கிடைத்தது.

அந்தச் சாயங்காலம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் தெரணியகலைப் பக்கத்தில் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு வீட்டில் தும்மினால் பத்தாவது வீட்டில் கேட்கும். கல்யாணமாகி இந்த டிஸ்பென்சர் வீட்டுக்கு வந்ததும் நான் 'அம்மா' ஆகிவிட்டேன். லயத்துப் பெண்கள் பின்வாசலில் நிற்பார்கள். உட்காரச் சொன்னால் "இருக்கட்டுங்கம்மா" என்பார்கள். ஆபீஸ் கிளாக்கர் ஐயாவின் மனைவியோ நான் லயத்துக்காரி என்று மோப்பம் பிடித்தவள். என்னைக் கண்டால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விடுவாள். பிள்ளையும் இல்லை. கித்துல் கருப்பட்டி விற்க வரும் கிராமத்துச் சிங்களப் பெண்மணி மட்டும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "தனியமத, நோனா?" என்று கேட்பாள். தனியாகவா இருக்கிறாய் என்று கேட்க இந்தத் தோட்டத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். "தனியம தமாய்" என்பேன். ஆமாம், தனியாகத்தான்.

இப்படியிருக்கும்போது பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தார். ரோட்டோர மதகின் போக்குக்கல்லில் தலை அடித்துவிட்டது. தலையில் இருந்த வெள்ளைக்காரத் தொப்பி விழுவதற்கு முன்னமே பறந்துவிட்டதாம். எங்கள் மருந்து வீட்டுக்குத்தான் தூக்கி வந்தார்கள். இவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தரையைக் கழுவியது நான். கழுவக் கழுவ எனக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை, இவர்தான் வந்தார்.

"நாளையிலிருந்து தலைக்கு ஏதாவது போட்டுக்கிட்டுப் போங்க" என்றேன்.

"தொப்பி போட்டாத்தானே புள்ள கழட்டணும்? போடாதவன்கிட்ட யாரு என்னத்தக் கேப்பா?"

அதுதான் விஷயம். துரை ரோட்டில் வந்தால் குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும், கான் என்கிற ரோட்டோர வாய்க்கால் பக்கமாக இறங்கி நிற்க வேண்டும். மழை கொட்டினாலும் அதே சட்டம். உத்தியோகத்து ஆட்கள் என்றால் தொப்பியைக் கழற்றிச் சலாம் வைக்க வேண்டும். இவருடைய அப்பா தேயிலைக் கொழுந்துத் தோட்டத்தில் கூலிக்காரர். காய்ச்சலோடு வந்த ஒருநாள் குடையை மடக்கிக்கொண்டு மழையில் நின்றாராம். துரையோ அங்கேயே நின்று கங்காணியிடம் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தாராம். அதைப் பார்த்துக்கொண்டு சின்னப் பையனாகப் பக்கத்தில் நின்ற இவர், தலையில் எதுவுமே வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். வெறும் தலைக்குச் சலாம் போதும். கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை. ஊர் உலகத்தில் ஆட்கள் கௌரவத்துக்குத் தொப்பி போடுவார்கள், என் வீட்டுக்காரர் கௌரவத்துக்குப் போடாமல் இருந்தார்.

எனக்குக் கௌரவம் முக்கியமில்லை, தலைதான் முக்கியம். நானே ஒரு தொப்பி செய்தேன். ரப்பர்த் தோட்டத்தில் இருப்பவளுக்கு வேறென்ன தோன்றும்? பெக்டரியில் கழித்துப்போட்ட ரப்பர் ஷீட்டை வாங்கி, சட்டி மேல் கவிழ்த்து வளைத்து, மடிப்பு மடிப்பாக ரப்பர் பால் தடவி ஒட்டினேன். எதில் மோதினாலும் துள்ளும். பெருமையாக அவர் தலையில் வைத்து அனுப்பினேன். மேற்கணக்கு ஏற்றத்து வெயிலில் அது உருகிப் பிசுபிசுத்து முடியோடு ஒட்டிக்கொண்டது. பாதித் தலைமுடியைக் கத்தரித்த பிறகுதான் கழன்றது. லயமே சிரித்தது. அவரும் சிரித்தார், "இதத் துரைக்கு முன்னால எவனாலயும் கழட்ட முடியாது புள்ள, நல்ல தொப்பிதான்" என்றார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த சந்தை நாளில் எஹலியகொட முஸ்லிம் தையல்காரர் மக்கீன் நானாவின் கடைக்குப் போனேன்.

"மாப்பிளட தலை அளவு இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார். நூலில் அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன், எடுத்து நீட்டினேன். ரெட்டைக் கித்தானில் இலவம்பஞ்சு திணித்து, நெருக்கமாகத் தைத்து, மேலே தோல் வைத்து, காதை மூடி, நாடிக்குக் கீழே கட்ட நாடாவும் வைத்துத் தருவதாகச் சொன்னார். அவர் தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி இருந்தது. சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன்.

"நானா, துரை வந்தா நீங்க இதக் கழட்டுவீங்களா?"

"இதையா? பெரியாக்கள்ட முன்னுக்குத் தலய மூடுறதுதான் எங்கட மரியாத. துரைமாருக்கும் அது தெரியும், கேக்க மாட்டாங்க. துணி வேணும்னா நம்மட கடைக்குத்தானே வரணும்" என்று சிரித்தார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அவரும் நம்மைப்போலத் தமிழ் பேசுகிறவர்தான், ஒரே மழையில் நனைகிறவர்தான். ஆனால் அவர் தலை அவருடையதாக இருந்தது.

தொப்பியை இவர் முன்னால் வைத்தபோது பழைய பல்லவியையே ஆரம்பித்தார். நான் கத்தவில்லை. கத்தினால் சிரித்துவிடுவார்.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த வீட்டுல நான் யாருகிட்ட அழுவேன்? எனக்கு அழுறதுக்குக்கூட ஒரு ஆள் இல்லீங்க" என்றேன்.

அவர் வெகுநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடமே நீட்டி, "கட்டிவுடு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நான்தான் கட்டினேன். அவரிடம் விட்டால் முதல் வளைவிலேயே கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார் என்று தெரியும். அதனால் பல்லைக் கடித்து இறுக்கி, ஈரத்தில் இன்னும் இறுகும் முடிச்சாகப் போடுவேன். இன்ன வேளைக்குத் துரை எந்தப் பக்கம் போவார் என்று விசாரித்து வைத்துக்கொண்டு இவர் வேறு பாதையில் போவார், வருவார். நானும் நிம்மதியாக இருந்தேன். சில வாரம்தான்.

ஒருநாள் வழக்கத்துக்கு மாறாகத் துரையின் கார் மேற்கணக்கு ரோட்டில் இறங்கியது. வளைவில் நேருக்கு நேர். மழை. காரில் இருந்து துரை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இவர் சலாம் வைக்கவில்லை, தொப்பியைக் கழற்றவில்லை, நிற்கவும் இல்லை. விலகி வந்துவிட்டார்.

"முடிச்சு அவுந்திருக்காதுங்க, அதச் சொல்லியிருக்கலாமே" என்றேன், வீட்டுக்கு வந்து அவர் சொன்னதும்.

"முடிச்சுல கையே வைக்கல. கைப்பிடிய விட்டா வுழுந்திருப்பேன்." ஈரக் கோட்டைக் கொடியில் போட்டுக்கொண்டே, "நிறுத்திட்டுக் கழட்டியிருக்கலாம். நிறுத்தத் தோணல" என்றார். "தொப்பிக்குள்ள தலை நனையாம இருந்துச்சு புள்ள. மொத மொத மழையில துரையப் பாக்குறேன், தலை நனையாம. அப்பா ஞாபகம் வந்திருச்சு."

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கிளாக்கர் ஐயா வந்தார். மனுஷன் நல்லவர்தான், சொல்ல வந்ததைச் சொல்லக் கூசிக்கொண்டு படியிலேயே நின்றார்.

"துரை ஆடுறாரு. இனிமே தோட்டத்து ரோட்டுல உங்க மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாதாம். மேற்கணக்குலயே தங்கிட்டு ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் கீழ வரணுமாம். கீழ்க்கணக்க அன்னைக்குப் பாத்துக்கிட்டாப் போதுமாம்."

"வேற வழி இல்லையா?" என்று நான்தான் கேட்டேன்.

"இருக்கு. நாளைக்குக் காலையில, பேர் கூப்பிடுற நேரத்துக்குப் பெரட்டுக்களத்துக்கு அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு வரணும். ஆளுங்க எல்லாருக்கும் முன்னால கழட்டிச் சலாம் வைக்கணும். அவ்வளவுதான். பழையபடி ஓட்டிக்கலாம்."

அவ்வளவுதான் என்றார்.

வேலையை விட்டுவிட்டுப் போகலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாகப் பால் வெட்டுவதை நிறுத்திக்கொண்டிருந்த வருடம் அது. ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெளியே போன உத்தியோகத்தருக்கு வேறு தோட்டம் கிடைத்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. மேற்கணக்கில் நானும் போய் இருக்கலாம் என்றால், அங்கே மருந்து அலமாரிக்குப் பின்னால் ஓர் ஆள் கால் நீட்டும் அளவுக்குத்தான் இடம். பொம்பளை தங்க அனுமதியும் இல்லை.

இரவுச் சோற்றை இருவரும் பிசைந்துகொண்டிருந்தோம், சாப்பிடவில்லை.

"நீ என்ன சொல்ற?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தொப்பி போடாமலிருக்க என்னைக் கேட்டாரா? நிற்காமல் வர என்னைக் கேட்டாரா? "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினேன். களத்துக்குப் போங்க என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. கழற்றினால் தலையா போய்விடும்? சலாம் வைக்காத ஆள் இந்த மலையில் யார் இருக்கிறார்கள்? வாரத்தில் ஆறு சாயங்காலம் இந்த வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. முடியவே முடியாது.

விடிவதற்குள் அவர் குளித்து, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். கையில் தொப்பி.

"போகப் போறீங்களா?"

"உன்னத் தனியா வுட்டுட்டு அங்க எப்படிக் கெடக்குறது? போறேன்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கட்டுவதற்காக நாடியைத் தூக்கிக் காட்டினார். "இன்னைக்கு மட்டும் லேசாப் போடு புள்ள. அங்க நின்னு முடிச்ச அவுக்கத் தடுமாறினா அது வேற கேவலம்."

நாடாவைப் பிடித்தேன். தினமும் கட்டுகிற கைதான். இளக்கமாக ஒரு முடிச்சுப் போட எனக்குத் தெரியாதா? ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஊசி போடும்போது அவரிடம் வருகிற சனங்கள் அப்படித்தான் மூடிக்கொள்வார்கள். இந்தத் தொப்பியை அந்தத் தலையில் வைத்தது நான். என்னால்தான் இப்போது கழற்றுவதற்கு அவரிடம் ஒன்று இருக்கிறது. எனக்காகப் போட்டுக்கொண்டார், எனக்காகவே கழற்றவும் போகிறார். அதன்பிறகு சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவர் யாராக இருப்பார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

தொப்பியை அவர் தலையில் இருந்து நானே எடுத்தேன்.

"வேணாங்க. மேற்கணக்குக்கே போங்க."

"நீ இருந்துக்குவியா?"

"இருந்துக்குவேன்" என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அதுதான். அவருக்கும் தெரியும். தெரிந்தும், என் தலையில் கையை வைத்துவிட்டு உள்ளே திரும்பினார்.

மருந்துப் பையையும் ஒரு போர்வையையும் எடுத்துக்கொண்டு, பெரட்டுக்களத்துக்கு எதிர்த் திசையில் நடந்தார். நான் கும்பிட்டேன், யாரை என்று தெரியவில்லை. மலை ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் கூப்பிட்டிருப்பேன். பின்வாசலில் மருந்துக்கு வந்து நின்ற இரண்டு பெண்களிடம், டாக்டர் ஐயா ஞாயிற்றுக்கிழமைதான் வருவார் என்று சொன்னேன். அழக் கூடாது என்று பார்த்தேன். அழுதுவிட்டேன். அவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல், "வாறோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பொழுது சாய்ந்ததும் உலை வைத்தேன். ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எப்போதும்போலவே போட்டுவிட்டு, மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன்.